ஒன்பதாவது கேள்வி

உக்காருங்க அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், அது கால் ஆடும். இதுல உக்காருங்க. நீங்க யாருன்னு சொல்லவே வேண்டாம், எனக்குத் தெரியும். பஸ்ஸ விட்டு எறங்கி, துரைப்பழம் கடையில ஒரு டீயச் சொல்லிட்டு, "உங்க ஐயரு எப்படி?"ன்னு கேட்டியளா? நீங்க டீயக் குடிச்சு முடிக்கதுக்குள்ள கோயில் ஆபீஸ் ரூமு, இந்த வெஸ்ட்ரிக்குத் தகவல் வந்துட்டு, டவுன் சபையில இருந்து விசாரிக்க ஆள் வந்திருக்குன்னு. தப்பே இல்ல. பொண்ணு விசாரிக்க வாரவனும் டீக்கடையிலதான் ஆரம்பிப்பான். ஒரு சபைக்குப் போதகரை எடுக்கதுன்னா நாலு எடத்துல கேக்கத்தான் செய்யணும்.

நான் வேதமாணிக்கம். இந்த அடைக்கலவிளை சபைக்கு உபதேசியாரு. இருபத்தேழு வருஷமா. மணி அடிக்கது நாந்தான், ஞானஸ்நான ரிஜிஸ்டர் எழுதுதது நாந்தான், ஐயரு ஊர்ல இல்லன்னா ஆராதனை நடத்துததும் நாந்தான். அதனால நீங்க சரியான ஆளத்தான் பிடிச்சிருக்கிய.

சரி, எழுதிக்கிடுங்க. ஹட்சன் ஐயரு நல்லவரு. நல்ல பிரசங்கி. நல்ல குணம். கை சுத்தம். உங்க டவுன் சபைக்கு ஏத்த ஆளு. ஆறு வருஷம் இந்த மண்ணுக்குள்ள கெடந்தது போதும், பெரிய சபைக்குப் போவட்டும். எழுதிட்டியளா? அவ்வளவுதான். ஒரு கலர் வாங்கியாரச் சொல்லட்டா? குடிச்சிட்டு மூணு மணி பஸ்ஸுக்குப் போயிரலாம்.

என்ன அண்ணாச்சி, பேனாவ வச்சுக்கிட்டு என் மூஞ்சியவே பாக்கிய?

இல்ல, மனசாரத்தான் சொல்லுதேன். காலையிலகூட எங்க வீட்டுல ரூபாவதி சொன்னா, "விசாரிக்க வந்தா நல்லபடியாச் சொல்லுங்க. அவரு போனாத்தான் இந்த எடம் காலியாவும். காலியானாத்தான் நீங்க மறுபடி மனு போட முடியும். உங்களுக்கு அம்பத்தெட்டரை ஆச்சு, அறுபது தாண்டினா உங்க மனுவ யாரும் தொடமாட்டாங்க"ன்னு. இத எழுதாதீங்க. இது வீட்டுப் பேச்சு. அவ சொன்னது நியாயம். அதனாலதான் நான் நல்லபடியாச் சொல்லுதேன்.

எனக்கும் அவருக்குமா? ஒண்ணும் இல்லையே. என்ன இருக்கு? ஒண்ணும் இல்ல.

நீங்க கேட்டதால சொல்லுதேன். எழுதாதீங்க.

ஆறு வருஷத்துக்கு முன்ன பழைய ஐயரு ரிட்டயர் ஆனாரு. அவரே என் தோள்ல கையப் போட்டு, "உபதேசியாரே, அடுத்து நீங்கதான்"ன்னு சொன்னாரு. நான் ரெண்டு வருஷம் தபால்ல வேதபாடம் படிச்சு சர்ட்டிபிகேட் வச்சிருக்கேன், பிரேம் போட்டு வீட்டுல மாட்டியிருக்கு. கமிட்டி மனு கேட்டுச்சு. நாலு பேரு போட்டோம். அந்த மனுப் பாரம் உங்களுக்குத் தெரியும்லா, உங்க சபையும் எங்க சபையும் ஒரே சங்கம்தான. அதுல ஒன்பதாவது கேள்வி. "உமக்கு யாரோடாவது மனஸ்தாபம் உண்டா? உண்டானால் பெயர் எழுதுக." பேரு எழுதினா அந்த ஆளக் கமிட்டி முன்னால கூட்டியாந்து, ரெண்டு பேரும் ஒப்புரவாகிக் கை குடுத்தாத்தான் பிரசங்க பீடத்துல ஏற விடுவாங்க. நல்ல சட்டம்தான். எல்லாப் பயலும் அதுல "இல்லை"ன்னு எழுதிட்டுப் போயிருவான். பொய்.

நான் பொய் எழுதல அண்ணாச்சி. பதினோரு பேரு எழுதினேன். பாரத்துல எடம் பத்தல, பின்பக்கம் திருப்பி எழுதினேன். ஒவ்வொரு பேருக்கும் நேரா என்ன விஷயம், எந்த வருஷம், எல்லாம். உண்மையா இருக்கவன் அப்படித்தான எழுதணும்? அதுல ரெண்டு பேரு கமிட்டியிலயே இருந்தாங்க. அதுக்கு நான் என்ன செய்ய? பதினோரு பேரையும் கூப்பிட்டாங்க. எட்டுப் பேரு வந்தாங்க, கை குடுத்தேன். மூணு பேரு வரல. செத்துப் போயிட்டாங்க. "செத்தவன் பேரை எதுக்குவே எழுதுனீரு?"ன்னு செகரட்டரி கேக்கான். ஆளு செத்தா மனஸ்தாபம் செத்துருமா? அவங்க என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டுட்டா செத்தாங்க?

நாலு பேருல ஒருத்தன், அந்த ஹட்சன் பய, என்ன எழுதியிருந்தான்னு எனக்குத் தெரியாது. இல்ல, ஐயரு. அந்த ஹட்சன் ஐயரு. அப்ப அவருக்கு இருபத்தொம்பது வயசு. மீசை சரியா வளரல.

அப்புறம் பிரசங்கப் பரீட்சை. ஞாயித்துக்கிழமைக்கு ஒருத்தரா நாலு வாரம். எல்லாருக்கும் ஒரே பகுதி, காணாமப் போன ஆடு. மொத வாரம் என் முறை. பகுதி என்னன்னு அதுக்கு முந்தின நாள், சனிக்கிழமை சாயங்காலம்தான் கவரைப் பிரிச்சுச் சொல்லுவாங்க. அந்தக் கவரு இந்த வெஸ்ட்ரி மேசையிலதான் இருந்துச்சு. ஒட்டாம வச்சிருந்தாங்க. காத்துக்குப் பறந்து விழுந்துச்சு, எடுத்து வைக்கையில கண்ணுல பட்டுச்சு. எழுதாதீங்க. மூணு வாரம் உக்காந்து தயார் பண்ணினேன்.

எல்லாரும் அந்த ஒத்த ஆட்டப் பத்திப் பேசுவாங்க அண்ணாச்சி. ஓடிப்போன ஆடு. முள்ளுல மாட்டின ஆடு. மேய்ப்பன் தோள்ல தூக்கிட்டு வருவான், ஊரக் கூட்டி விருந்து வைப்பான். நான் மத்த தொண்ணூத்தொம்பதையும் பத்திப் பேசினேன். ஓடாம நின்ன ஆடு. விட்டுட்டுப் போன எடத்துலயே, வெயில்ல, ஓநாய்க்குப் பயந்துக்கிட்டு, தலையக் குனிஞ்சு நின்னுதே, அதுக்கு எவன் விருந்து வச்சான்? எவன் தோள்ல தூக்கினான்? இத ஒரு மணி இருபது நிமிஷம் பேசினேன். பேசையில எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்டு. ஆணும் பொண்ணுமா எழுந்து வெளிய போனாங்க, அழுகைய அடக்க முடியாமத்தான் இருக்கும். பாதிப் பேருக்கு மேல திரும்பி வரவே இல்ல.

அடுத்த ஞாயிறு அவரு முறை. சனிக்கிழமை ராத்திரி பள்ளிக்கூட ரூம்லதான் தங்கியிருந்தாரு. காலையில ஆராதனைக்குக் கூப்பிடுத ரெண்டாம் மணி எட்டரைக்கு அடிக்கணும். நான் எட்டுக்கு அடிச்சிட்டேன். கடியாரம் கொஞ்சம் முன்ன ஓடிருச்சுன்னு வச்சுக்கிடுங்க. சபையார் எல்லாரும் வந்து உக்காந்திருக்க, பிரசங்கியார் அரைமணி நேரம் கழிச்சு வேர்க்க விறுவிறுக்க ஓடி வரணும், அத எல்லாரும் பாக்கணும். எழுதாதீங்க இத.

பாத்தா, மணிச் சத்தம் கேட்டதும் மொத ஆளா அவருதான் வந்து நிக்காரு. சட்டை பட்டனப் போட்டுக்கிட்டே. அப்புறம் சபையார் வந்தாங்க. ஆராதனை ஆரம்பிக்க இன்னும் நேரம் கெடக்கு. என்ன செய்வாங்க? கோயில் வாசல்ல உக்காந்து அவருகூடப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. கடைசி பெஞ்சுல உக்காருவாளே சொர்ணம், ஆடு மேய்க்கவ, அவகிட்டப் போயி, "எத்தனை ஆடு வச்சிருக்கிய, என்ன தீவனம்"னு கேட்டுக்கிட்டு இருக்காரு. அவ எதுக்கு அன்னைக்கு அவ்வளவு வெள்ளன வரணும்? என்னைக்கும் மூணாம் பாட்டுக்குத்தான வருவா? சனியன் பிடிச்சவ.

பிரசங்கம் என்ன தெரியுமா? பதினோரு நிமிஷம். நான் வாட்ச்ல பாத்தேன். பீடத்துல ஏறி, "எனக்கு ஆட்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. நம்ம சொர்ணம் பெரியம்மாவுக்குத் தெரியும். பெரியம்மா, ஒரு ஆடு காணலைன்னா நீங்க என்ன செய்வீங்க?"ன்னு கேக்காரு. கோயில்ல! ஆராதனை நடுவுல! அவ எந்திரிச்சு நின்னு, செம்மணல் தேரிக்காட்டுல அந்தி வரைக்கும் பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே அலஞ்ச கதையச் சொல்லுதா. ஆட்டுக்குப் பேரு 'செவலை'யாம். "கூப்பிட்டா அது கத்தும் ஐயா, கத்தலைன்னாலும் நான் கூப்பிடத நிறுத்தமாட்டேன்"ங்கா. பொம்பளைங்க எல்லாம் முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதாளுக. இவரு, "இதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு?"ன்னு எறங்கிட்டாரு. பிரசங்கம் பண்ணினது அவளா அவரா? நீங்களே சொல்லுங்க. அவளையில்லா ஐயரா போட்டிருக்கணும்?

ஓட்டுப் போட்டாங்க. எனக்கு எத்தனைன்னு கேளுங்க. கேக்கமாட்டிய. நானே சொல்லுதேன். என் வீட்டுல நாலு ஓட்டு. நான், ரூபாவதி, பையன், மருமக. எனக்கு விழுந்தது மூணு.

யாருன்னு நான் கேக்கல. ஆறு வருஷமாக் கேக்கல. ஒரே வீட்டுல நாலு பேரும் உக்காந்து சோறு திங்கோம், நான் ஒவ்வொரு மூஞ்சியாப் பாப்பேன், பாத்துட்டுச் சோத்தப் பெசைவேன். அந்த ஒத்த ஓட்டுக்கும் சேத்துத்தான் அவன் என்கிட்டப் பட்டான். ஆமா, 'அவன்'தான். சும்மா இருங்க அண்ணாச்சி, இனி எத்தனை 'அவரு' போடதுக்கு?

பட்டான்னா, நல்லாப் பட்டான். நான் விடல. பாட்டு நம்பர் பலகை இருக்குல்லா, சுவத்துல? அதுல நம்பர் மாட்டுததும் நாந்தான். செகரட்டரி வீட்டுக் கல்யாணத்துக்கு அடக்க ஆராதனைப் பாட்டு நம்பர மாட்டி வச்சேன். மாப்பிள்ளையும் பொண்ணும் வந்து நிக்காங்க, புஸ்தகத்தத் திறந்தா கல்லறைப் பாட்டு. எல்லாரும் முழிக்காங்க. இவன் பலகையப் பாத்தான். என்னைப் பாத்தான். "புஸ்தகத்த மூடுங்க, இன்னைக்கு எல்லாருக்கும் மனப்பாடமாத் தெரிஞ்ச பாட்டாப் பாடுவோம்"னுட்டான். கூரை பிய்யப் பாடினாங்க. இப்ப எந்தக் கல்யாணத்துக்கும் அப்படித்தான் பாடணும்னு கேக்காங்க.

மைக் வயரப் பிடுங்கி விட்டேன், மூணு வாரம். அவன் பீடத்துல இருந்து எறங்கி பெஞ்சுக்கு நடுவுல நடந்துக்கிட்டே பேசினான். காது மந்தமான கெழடுக எல்லாம், இப்பத்தான் ஐயா நல்லாக் கேக்குங்குதுக. சவம், நான் என்ன செஞ்சாலும் அவனுக்குச் சாதகமாவே முடியும்.

போன வருஷம் எனக்குக் குடலிறக்க ஆப்பரேசன். பதினாலு நாள் எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாங்க. படுத்துக் கெடக்கேன், காலையில அஞ்சரைக்கு மணிச் சத்தம் கேக்கு. யாருடா என் மணிய அடிக்கதுன்னு பாத்தா, அவன். பதினாலு நாளும் அவனே அடிச்சிருக்கான். வேற யாருகிட்டயும் கயித்தக் குடுக்கலையாம். சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்துல உக்காந்து, "உபதேசியாரே, நீங்க அடிக்க மாதிரி வரமாட்டேங்கு, எப்படி இழுக்கணும்?"னு கேக்கான். சொல்லிக் குடுப்பனா நான்? சுவத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டேன்.

கடுதாசி. அதையும் சொல்லிருதேன். சங்கத்து ஆபீசுக்கு மொட்டைக் கடுதாசி போட்டேன். ஏழு. சாராயக் கடையில நிக்கவனுக்கெல்லாம் நற்கருணை குடுக்கான், அடக்கத்துக்குச் செருப்புப் போட்டுக்கிட்டு வாரான், ஆராதனைய பாதியில விட்டுட்டு எவளுக்கோ பிரசவம்னு சபை வண்டிய எடுத்துக்கிட்டு ஓடினான். எல்லாம் நடந்ததுதான், ஒண்ணும் இட்டுக்கட்டல. அந்த ஆபீஸ்காரனுக என்ன செஞ்சானுக? ஏழு கடுதாசியையும் அவனுக்கே திருப்பி அனுப்பிட்டானுக, நீரே பாத்துக்கிடும்னு. ஒருநாள் நான் இங்கன உக்காந்து ரிஜிஸ்டர் எழுதுதேன். அவன் வந்து ஏழையும் என் முன்னால வச்சான். "உபதேசியாரே, இதக் கொஞ்சம் ஃபைல்ல போட்டு வச்சிருங்க"ன்னான். வச்சிட்டுச் சாப்பிடப் போயிட்டான்.

என் கையெழுத்து அண்ணாச்சி! தெனமும் ரிஜிஸ்டர்ல பாக்கான். 'ழ'வுக்கு நான் போடுத வால் இந்தத் தாலுகாவுலயே எவனும் போடமாட்டான். அவனுக்குத் தெரியாதா? திட்டியிருக்கலாம். கமிட்டியில வச்சிருக்கலாம். ஏன்யா இப்படிச் செஞ்சீருன்னு சட்டையப் பிடிச்சிருக்கலாம். நானும் ஆறு வருஷம் வட்டியோட திருப்பிக் குடுத்திருப்பேன். ஒரு வார்த்தை இல்ல. என் கடுதாசிய என் கையாலயே ஃபைல் பண்ண வச்சான். அந்தா, பீரோவுல மேல் தட்டுல இருக்கு.

சரி விடுங்க. நான் ஆரம்பத்துல சொன்னதுதான் கணக்கு. நல்லவரு, நல்ல பிரசங்கி, டவுன் சபைக்கு ஏத்த ஆளு. அத மட்டும் வச்சுக்கிட்டு மத்தத எல்லாம் விட்டுருங்க. அவரு போவட்டும். ரூபாவதி அங்கி தைக்கதுக்குத் துணிகூடப் பாத்து வச்சிட்டா. வெள்ளைப் பாப்ளின்.

ஆமா, உங்க கையில இருக்கது அவரு மனுவா? அசல் மனுவா? ஒண்ணும் செய்யமாட்டேன், காட்டுங்க. இருங்க, கண்ணாடியப் போட்டுக்கிடுதேன். பேரு, ஊரு, படிப்பு. கையெழுத்தப் பாருங்க, கோழி கெளறின மாதிரி. ஒன்பதாவது எங்க? இந்தா இருக்கு. "உமக்கு யாரோடாவது மனஸ்தாபம் உண்டா?"

"ஒருவரோடும் இல்லை."

ஒருவரோடும் இல்லையா?

அடுத்த கேள்வி என்ன? "உம்மேல் யாருக்காவது மனஸ்தாபம் உண்டா? நீர் அறிந்தவரை எழுதுக." இதுக்கும், "ஒருவருக்கும் இல்லை." அடிக்கோடு வேற போட்டிருக்கான். அண்ணாச்சி, அடிக்கோடு போட்டிருக்கான்!

அப்ப நான் யாரு? ஆறு வருஷம் அண்ணாச்சி. பலகை, மைக்கு, மணி, ஏழு கடுதாசி. ஒருநாள் அவன் முன்ன நான் சிரிச்சது கெடையாது. கிறிஸ்மஸுக்கு அவன் வீட்டுல குடுத்த கேக்கை வாங்கி அவன் கண்ணு முன்னாலயே கோழிக்குப் போட்டேன். இவ்வளவும் செஞ்சு, ஒரு வரிக்குப் பெறமாட்டனா நான்? நான் பதினோரு பேரு எழுதினேன், செத்தவனக்கூட விடல. இவனுக்கு என் ஒத்தப் பேர எழுதக் கை வரலையா?

என்னது? மன்னிச்சிருப்பாரா? யாரக் கேட்டு மன்னிச்சான்? நான் போயி நின்னனா? மன்னிப்புக் கேட்டனா? எனக்குச் சொல்லாம, எனக்கே தெரியாம, என்னை மன்னிச்சு முடிச்சு, ஃபைலும் பண்ணிட்டுப் பெட்டியக் கட்டிப் பெரிய சபைக்குப் போயிருவானா? நான் இங்கன மணிக்கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா?

எழுதுங்க. இப்ப எழுதுங்க அண்ணாச்சி. இதுவரைக்கும் எழுதாதீங்கன்னு சொன்னது எல்லாத்தையும் எழுதுங்க. பத்தாவது கேள்விக்கு நேரா அந்த 'ஒருவருக்கும் இல்லை'ய அடிச்சிட்டு என் பேரப் போடுங்க.

தெரியும், தெரியும். பேரு விழுந்தா உங்க கமிட்டி என்னைக் கூப்பிடும். அவனும் நானும் எல்லாரு முன்னாலயும் நின்னு கை குடுக்கணும். நான் குடுக்கமாட்டேன். குடுக்காட்டா அவன் உங்க பீடத்துல ஏற முடியாது. ஏறாட்டா அவன் இங்கதான் இருப்பான். இங்க இருந்தா எனக்கு எடம் காலியாவாது. ஒன்றரை வருஷம் ஓடிரும். அந்தப் பாப்ளின் துணிய ரூபாவதி தலையணை உறையாத் தைக்கட்டும். ஒருவேளை அந்த ஒத்த ஓட்டு அவதானோ என்னவோ. எல்லாம் தெரிஞ்சுதான் சொல்லுதேன், எனக்குக் கோட்டி பிடிக்கல.

இருக்கட்டும் அவன் இங்கயே. இனிமே காலையில நான் மணி அடிக்கப் போறப்ப என்னைப் பாக்கையில அவனுக்கு நான் யாருன்னு தெரியணும். அது போதும் எனக்கு.

என்ன யோசிக்கிய? விசாரிக்க வந்தவரு நீங்க, அடிச்சு எழுத உங்களுக்குத் தயக்கம். அதுவும் நியாயந்தான். பேனாவ இங்கக் குடுங்க. நானே எழுதுதேன்.

சா. வேதமாணிக்கம், உபதேசியார், அடைக்கலவிளை.

கீழ யாரு எழுதினதுன்னு குறிப்பெல்லாம் வேண்டாம். இந்தப் பாரம் அவன் கைக்குத் திரும்பிப் போகும்லா? போவட்டும். என் கையெழுத்து அவனுக்குத் தெரியும்.